வாய் பொத்தும் அச்சம்

"அச்சானியமாகப் பேசாதே! வாயைக் கழுவு!"

இந்த அதட்டலைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டோ? வீட்டிலே பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடப்பார். மருத்துவர் கைவிரித்துவிட்டுப் போயிருப்பார். கூடத்திலே கூடியிருப்போர் அனைவர் உள்ளத்திலும் ஒரே எண்ணம்; ஆனால் ஒருவர் உதட்டிலும் அந்தச் சொல் இராது. ஒன்றுமறியாக் குழந்தை, "தாத்தா செத்துப்போயிடுவாரா?" என்று கேட்டுவிடும். அவ்வளவுதான்! பத்துக் கைகள் பாய்ந்து அந்தப் பிஞ்சு வாயைப் பொத்தும்.

குழந்தை கேட்டது பொய்யா? இல்லை. தீய எண்ணத்தால் கேட்டதா? அதுவும் இல்லை. கூடத்திலிருந்த அத்தனை பேரும் கேட்க விரும்பி, கேட்க அஞ்சிய கேள்வியைத்தான் அது கேட்டது. பின் ஏன் இந்த வாய்ப்பூட்டு? பிறப்பைப் பேசுகிறோம், பெயர் சூட்டலைப் பேசுகிறோம், திருமணத்தைத் திங்கள் கணக்கில் பேசுகிறோம். எவருக்கும் தப்பாத ஒரே நிகழ்ச்சியை மட்டும் பேச மறுக்கிறோம். இந்த மறுப்பு எங்கிருந்து வந்தது? இதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு? இதனை எண்ணிப் பார்க்குமாறு நம்மைத் தூண்டியவன் ஒரு சிறுவன்.

நாம் பணிபுரியும் பள்ளி, துறைமுகத்துக்கு வடக்கே, கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாய் உறுமிச் செல்லும் சாலைக்கு அருகில் இருக்கிறது. சென்ற ஆண்டு, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, ஒப்பந்தக் கூலியாகப் பணிசெய்த இடத்திலேயே விபத்தில் மாண்டார். பத்து நாள் கழித்துப் பையன் பள்ளிக்கு வந்தான். அவன் வருமுன்பே, "அவனிடம் யாரும் அதைப்பற்றிப் பேசக்கூடாது" என்று வகுப்புக்கு நாம் கட்டளையிட்டிருந்தோம். அருள்செய்வதாக எண்ணித்தான் அப்படிச் செய்தோம். விளைவு? அவனோடு எதையுமே பேச அஞ்சி, நாற்பது பிள்ளைகளும் ஒதுங்கினர். தந்தையை இழந்தவன் தோழரையும் இழந்தான்.

ஒரு மாலை, மணி அடித்த பின்னும் அவன் போகாமல் நின்றான். "சார், பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. எங்க அப்பா கப்பல்ல வேலைக்குப் போயிருக்காருன்னு தங்கச்சிகிட்ட சொல்லச் சொல்றாங்க. அது தினமும் கடற்கரைக்குப் போயி, தூரத்துல நிக்கிற கப்பலையெல்லாம் காட்டி, இதுலயா, இதுலயான்னு கேக்குது. நான் என்ன சார் சொல்றது?" என்றான்.

பட்டம் பெற்ற நாம், பாடம் சொல்லும் நாம், பகுத்தறிவு பேசும் நாம் என்ன விடை சொன்னோம் தெரியுமா? "அப்புறம் பேசலாம் தம்பி, நேரமாகிறது, வீட்டுக்குப் போ" என்றோம்! அவன் தலை குனிந்து போனான். நாணித் தலை குனிந்திருக்க வேண்டியவர் நாம். அந்த நாணமே இக்கட்டுரையை எழுதச் செய்கிறது.

*

மொழியிலிருந்தே தொடங்குவோம். 'மங்கலம்' என்றொரு வழக்கை இலக்கண வகுப்பிலே படித்திருக்கிறோம். மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் குறித்தல். எடுத்துக்காட்டு? செத்தவரைத் 'துஞ்சினார்' என்பது. சுடுகாட்டை 'நன்காடு' என்பது. துஞ்சுதல் என்றால் உறங்குதல்! அந்த வழியிலே வந்தவைதாம், காலமானார், சிவலோக பதவி அடைந்தார், வைகுண்ட பதவி பெற்றார், இறைவனடி சேர்ந்தார் என்பன எல்லாம். பதவியாம் பதவி! வாழ்ந்தபோது ஒரு வேலையும் கிடைக்காது வாடியவனுக்கு, வாழ்வு முடிந்ததும் பதவி! இயக்கத்தவராகிய நாமும் 'மறைந்தார்', 'இயற்கை எய்தினார்' என்று எழுதுகிறோம். பின்னது உண்மையை ஒட்டிய சொல். அதிலே ஏமாற்று இல்லை. ஆயினும் 'செத்தார்' என்ற நேரிய தமிழ்ச்சொல் நம் நாவிலும் தயங்கித்தான் நிற்கிறது.

துயருற்றவர் செவியில் சொல் இதமாக விழட்டும் என்பது பண்பு. அதைப் பழிக்க மாட்டோம். ஆனால், மென்மைக்காக வந்த சொல் உண்மையை விழுங்கத் தொடங்கும்போது, பண்பு பொய்யாகிறது. 'கப்பலுக்குப் போயிருக்கிறார்' என்பது அந்தப் பொய்யின் கடைசிப் படி.

தமிழன் என்றுமே இப்படி அஞ்சி நின்றானா? இல்லை! நிலையாமையைப் பாடுவதற்கென்றே காஞ்சி என ஒரு திணை வகுத்தவன் அவன். தலையாலங்கானத்திலே வெற்றி கொண்ட பாண்டியன் நெடுஞ்செழியனிடம், அவனுக்கு முன் ஆண்டு மாண்ட மன்னரை நினைவூட்டி மதுரைக்காஞ்சி பாடினார் மாங்குடி மருதனார். இன்று ஓர் அமைச்சரின் முகத்தெதிரே, "நீரும் ஒரு நாள் போவீர், அதற்குள் நல்லது செய்யும்" என்று சொல்லும் புலவர் உண்டோ? சொன்னால் அவர் நிலை என்ன? களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டார்கள்; அவன் பெயரையும் பீடையும் அதிலே பொறித்தார்கள். புரவலன் மாண்டபோது புலவர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றிலே நிறைந்துள்ளன. ஆதிச்சநல்லூரிலே மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த தாழிகள், மாண்டவரை எத்துணைப் பரிவோடு அடக்கினர் என்பதைக் காட்டுகின்றன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துப் பகுதியோ, எரிப்பவர், வெளியே இடுபவர், குழியில் புதைப்பவர், அறையில் அடைப்பவர், தாழியால் மூடுபவர் என ஐந்து வழக்கங்களையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டவன் இப்படி எழுத முடியுமா?

*

அப்படியானால் அச்சம் எப்படி வந்தது? உயிர் வாழ விரும்பும் எதற்கும் சாவச்சம் இயல்பு. அது இயற்கை தந்தது. அந்த இயற்கை அச்சத்தின்மீது செயற்கை அச்சம் ஒன்று ஏற்றப்பட்டது. எமன் என்றனர், பாசக்கயிறு என்றனர், எண்ணெய்க் கொப்பரை என்றனர். செத்தவன் படும் பாட்டைக் கருட புராணம் கதை கதையாய்ச் சொன்னது. பிறகு, "அஞ்சாதே, எம்மிடம் வழி உண்டு" என்று கை நீண்டது. பத்தாம் நாளுக்கு ஒரு கணக்கு, பதினாறாம் நாளுக்கு ஒரு கணக்கு, ஆண்டுதோறும் திதிக்கு ஒரு கணக்கு! பேசித் தெளிந்த பொருளில் அச்சம் தங்காது. அச்சம் தங்காத இடத்தில் அந்த வாணிபம் நடவாது. ஆகவே, சாவு பேசக்கூடாத பொருளாயிற்று.

அதனினும் கொடிது ஒன்று உண்டு. சாவைத் 'தீட்டு' என்றார்கள். சாவு தீட்டானதும், சாவுக்குத் தொண்டு செய்தவனும் தீட்டானான். குழி வெட்டுபவன், சிதை அடுக்குபவன், பறையடித்துச் செய்தி சொல்பவன் ஆகியோர் இல்லையேல் எந்த உயர்குலத்தான் உடலும் ஒரு நாள் தாண்டியதும் நாறிப்போகும். அவ்வளவு இன்றியமையாத தொண்டு செய்தவனை ஊருக்கு வெளியே தள்ளினோம். நாம் பார்க்க மறுத்ததை அவன் பார்த்தான். நாம் தொட மறுத்ததை அவன் தொட்டான். அதற்குப் பரிசு தீண்டாமை! சாவைப் பேச மறுக்கும் நாவுக்கும், அத்தொழிலாளியைத் தொட மறுக்கும் கைக்கும் உறவு இல்லையா?

கணவனை இழந்தவளை நினையுங்கள். அவளும் 'அமங்கலி'. பூவும் பொட்டும் பறிப்பது பெருந்துயர் நாளில் அவளுக்கு இழைக்கும் இரண்டாம் கொலை. திருமணப் பந்தலில் அவள் நிழல் படக்கூடாதாம். ஏன்? அவளைக் கண்டால் சாவு நினைவுக்கு வருமாம்! சாவை மறக்க விரும்பும் சமுதாயம், சாவால் அடிபட்டவரையே மறைத்து வைக்கிறது.

இது பழமையின் பிழை. புதுமை அதைத் திருத்தியதா? அதுதான் இல்லை. முன்பு மனிதன் வீட்டிலே, பேரப்பிள்ளை கையிலே செத்தான். இன்று, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குழாய்கள் நடுவே, உறவினர் முகம் காணாமல் சாகிறான். நோயாளியிடம் நோயைச் சொல்லாதீர் என்று மகன் மருத்துவரின் காதிலே கெஞ்சுகிறான். மகனுக்குத் தெரியாதென்று எண்ணித் தந்தை நடிக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய கடைசிச் சொல் சொல்லப்படாமலே போகிறது. வாடகை வீட்டிலோ, பிணத்தை உள்ளே கொண்டுவரக் கூடாதென்று தடுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வாடகை வாங்கிக்கொண்டு வாழ இடம் தருவாராம். சாக இடம் தர மாட்டாராம்! இங்கிலாந்து நாட்டு மானிடவியலறிஞர் செஃப்ரி கோரர், முன்பு காமம் பேசக்கூடாத பொருளாயிருந்தது போல இன்று சாவு ஆகிவிட்டது என்று 1955இல் எழுதினார். அந்நாட்டு நோய் நம் நாட்டுக்கும் மாடிக் குடியிருப்பு வழியே வந்து சேர்ந்துவிட்டது.

அடக்கி வைத்த அச்சம் ஒரு நாள் வெறியாக வெடிக்கும். 2020 ஏப்ரலில் சென்னை அதைக் கண்டது. கொரோனாத் தொற்றால் மாண்ட நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை ஒரு கூட்டம். வேலங்காட்டுக்குக் கொண்டு சென்றபோது கல்லும் கட்டையும் பறந்தன. ஊர்தி ஓட்டியவர்கள் குருதி சிந்தினர். நள்ளிரவுக்குப் பின், உடன் பணியாற்றிய மருத்துவர் தம் கையாலேயே மண்ணள்ளிப் போட்டு நண்பரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறை என அம்மாதமே அவசரச் சட்டம் வந்தது. மனைவி வழக்காடி, 2021இல் உயர்நீதிமன்ற ஆணை பெற்ற பிறகுதான், கணவரின் விருப்பப்படி கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கத்துக்கு வழி பிறந்தது. கல்லெறிந்தவர்கள் அரக்கர்களா? அல்லர். சாவைப் பற்றி ஒரு நாளும் அமைதியாகப் பேசக் கற்றுக்கொள்ளாத நம்மைப் போன்றவர்களே.

*

"வடசென்னையில் சாவை மறைக்கிறார்களா? தெரு அதிரப் பறை முழங்குகிறதே! கானா பாடுகிறார்களே! சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறார்களே!" என்று கேட்கலாம். உண்மைதான். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஏழையின் சாவு ஊமைச் சாவன்று. இரவு முழுதும் விழித்திருந்து, மாண்டவனின் குறும்பையும் கொடையையும் பாட்டாகப் பாடி வழியனுப்பும் வழக்கத்தை நாம் மதிக்கிறோம். மாடி வீட்டு மௌனத்தினும் அது மேலானது. ஆனால் அந்தப் பறையொலி அடங்கிய மறுநாள், ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை: ஏன் செத்தான்?

"விதி முடிஞ்சுது, போயிட்டான்" என்கிறார்கள். மூன்று சொல்லில் கணக்கு முடிந்தது!

இந்தக் கடற்கரையின் கதையைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் 'எம்டன்' துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. அஞ்சி நகரை விட்டு ஓடியவர் பல்லாயிரவர். 'எம்டன்' என்ற சொல் தமிழிலேயே தங்கிவிட்டது. அன்று மாண்டவர் பெயர் தங்கவில்லை. அஞ்ச வைத்ததை நினைவில் வைத்தோம், அழிந்தவரை மறந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரை விழுங்கியது. அது இயற்கையின் சீற்றம். ஆனால் அதே டிசம்பர் 26, 2023ஆம் ஆண்டு நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்களே, அது எதன் சீற்றம்? உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா! 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும் தொழிற்சாலை நச்சுக்காற்றுத்தான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, அசாமிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் ஒன்பது பேர் மாண்டனர். விதி அவர்களை அசாமிலிருந்து இங்கு அழைத்து வந்ததா? வறுமை அழைத்து வந்தது! விதி சாரத்தைச் சரித்ததா? சாரம் சரிவதற்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் அடுத்த ஒன்பது உயிரைக் காக்கலாம்.

இங்கேதான், தோழர்களே, சாவைப் பேசாமை யாருக்கு ஆதாயம் என்பது விளங்குகிறது. சாவைப் பேசாதே என்றால், சாவின் காரணத்தையும் பேசாதே என்று பொருள். 'விதி' என்ற சொல்லைப் போல முதலாளிக்கு மலிவான காப்பீடு உலகிலே வேறில்லை! நம் மாணவனின் தாயிடமும் ஈமச் செலவுக்குப் பணம் தந்து, "விதி அம்மா, என்ன செய்வது" என்றுதான் சொல்லிப் போனார்கள். இழப்பீடு என்று ஒன்று உண்டென அவருக்கு எடுத்துரைத்தார் இலர். சாவு வீட்டில் சட்டம் பேசுவது அநாகரிகமாம்!

*

திருவொற்றியூர்க் கடற்கரையிலே பட்டினத்தாரின் அடக்கவிடம் இருக்கிறது. சாவைப் பற்றி அவரைப்போல் அஞ்சாது பாடியவர் அரியர். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அந்தத் துணிவை வணங்குகிறோம். ஆனால் அவர் கண்ட முடிவு நமக்கு உடன்பாடன்று. உடல் அழியும், ஆகவே உலகை விடு என்றார். உடல் அழியும், ஆகவே அழியுமுன் உலகைத் திருத்து என்கிறோம் நாம். அதே திருவொற்றியூரைப் பாடிய இன்னொருவர் வள்ளலார். மரணமிலாப் பெருவாழ்வு என்று பேசினார். அது எய்தக் கூடியதா என்பதில் நம் அறிவு ஐயுறும். ஆனால் 1867இல் வடலூரிலே தருமச்சாலை நிறுவி அடுப்பேற்றினாரே, அங்கே அவர் ஒரு சாவை உண்மையிலேயே வென்றார்: பசியால் வரும் சாவை! எல்லாச் சாவையும் ஒழிக்க இயலாது. ஒழிக்கக் கூடிய சாவுகள் பல உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், சாவைப் பேசியே ஆகவேண்டும்.

நஞ்சுக் கோப்பை வருமுன் நண்பர்களோடு சாவைப்பற்றியே உரையாடினார் சாக்ரடீஸ். கடவுள் மறுப்பாளர் இங்கர்சால், 1879இல் தம் தமையனின் உடலருகே நின்று கண்ணீர் வழியப் பேசினார்; மோட்சம் காட்டாமலே கேட்டோர் நெஞ்சைத் தேற்றினார். 1933 மே 11இல் நாகம்மையார் மறைந்தபோது, பெரியார் 'குடி அரசு' ஏட்டிலே எழுதியதைப் படித்தவர் அறிவர். மனைவியின் பிரிவை எழுதும்போதே, பெண்ணுரிமை பற்றித் தாம் ஊருக்கு உரைத்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவரிடம் தாம் நடைமுறையில் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். சாவின் முன் நேராக நிற்பவனுக்கே அந்த நேர்மை வாய்க்கும். வடசென்னை மூலக்கொத்தளத்திலே, 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்கின்றனர். அவர்களை விதி கொண்டு போயிற்று என்று எவரும் சொல்லவில்லை. ஏன் செத்தார்கள் என்பதைச் சொன்னோம். சொன்னதால் அவர்கள் பெயர் நின்றது, கொள்கை வென்றது. அவர்களுக்குச் செய்ததை, சாரம் சரிந்து மாண்டவனுக்கும் ஏன் செய்யக்கூடாது?

"துயருற்றவனிடம் சாவைப் பேசினால் துயர் பெருகாதா?" என்பர். புத்தரிடம் வந்த கௌதமியின் கதையை நினையுங்கள். செத்த பிள்ளையைச் சுமந்து மருந்து கேட்டு வந்தவளைச் சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொன்னார். அவள் வீடு வீடாய்ப் போனாள். சாவு எல்லார்க்கும் உண்டு என்று அறிந்தாள் என்பர். நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தம் வீட்டுச் சாவை அவளுக்கு எடுத்துச் சொன்னாரே! அந்தப் பேச்சுத்தான் மருந்து. அன்று எல்லாரும் 'அச்சானியம்' என்று கதவைச் சாத்தியிருந்தால், அவள் அந்தப் பிணத்தைச் சுமந்தபடியே அலைந்திருப்பாள்.

ஆகவே பேசுவோம். முதியோரிடம், இறுதி நாளில் எவ்வாறு நடத்தப்பட விரும்புகிறீர் என்று கேட்போம். அத்தகைய முன்விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமையை 2018இல் உச்சநீதிமன்றமே ஏற்றது. உறுப்புக் கொடை பற்றி நலமாயிருக்கும்போதே வீட்டில் சொல்லி வைப்போம். 2008இல் விபத்தில் மூளைச்சாவு எய்திய மாணவன் ஒருவனின் பெற்றோர் கண்ணீரோடு எடுத்த முடிவு, இந்நாட்டுக்கே வழிகாட்டிற்று. சடங்குக்குக் கடன் வாங்காதீர் என்று சாவு நிகழுமுன்பே உற்றாரிடம் உறுதி பெறுவோம். தொழிலாளி மாண்டால், மாலையோடு கேள்வியையும் கொண்டு செல்வோம்.

அந்தச் சிறுவனுக்கு நாம் காலந்தாழ்த்தியே விடை சொன்னோம். ஒரு ஞாயிறன்று அவன் வீட்டுக்குப் போனோம். தாயோடு நெடுநேரம் பேசினோம். இழப்பீட்டுக்கு எழுத வேண்டிய மனுவையும் எழுதினோம். "பாப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் அம்மா" என்றோம். தாய் மகளை மடியில் இருத்தி, "அப்பா கப்பல்ல போகலடி. அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு" என்றார். குழந்தை அழுதது. தாயும் அழுதார். அண்ணன் வந்து இருவரையும் கட்டிக்கொண்டான். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து அழுதது அன்றுதான் முதல் முறையாம். பிறகு குழந்தை, அப்பாவின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப்பற்றிக் கேட்கத் தொடங்கியது. கடற்கரையில் கப்பலைக் காட்டிக் கேட்பதில்லை இப்போது.

மனு அலுவலகத்தில் இருக்கிறது. விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். வாயைப் பொத்தும் கைகளை விலக்குவோம். செத்தவரைச் செத்தார் என்போம். ஏன் செத்தார் என்றும் கேட்போம்!